வளவு வீட்டில் ஒரு வீடியோ பாட்காஸ்ட்: மெத்தை அடுக்குவதில் தொடங்கி ஃபீட் வரை

செட்டிநாட்டில் கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ, நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த ஒரு வளவு வீட்டில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் அழகாகத்தான் வரும். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பு எல்லாம் அங்கேயே இருக்கிறது. அந்தத் தைரியத்தில் வளவின் நடுவில் இரண்டு நாற்காலி போட்டு 40 நிமிடம் பேச்சைப் பதிவு செய்தால், திரும்பப் போட்டுக் கேட்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். முற்றம் திறந்திருப்பதால் மேலே போகும் ஒலி போய்விடும். தரையிலும் சுவரிலும் மோதுவது மோதிக்கொண்டே இருக்கும். பேச்சோடு கலந்துவிட்ட எதிரொலியைக் குரல் கெடாமல் முழுதாகப் பிரித்தெடுப்பது மென்பொருளுக்கும் கடினம். எனவே இருவர் உட்கார்ந்து பேசும் 40 நிமிடப் பகுதியை வீட்டுக் கணினியில் தயாரிக்கும் இந்தச் செய்முறையில் பாதி வேலை அறையில்தான்.

வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான தம்பதிக்கும்) ஒதுக்கிய அறைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே அந்த அறையையே 'வீடு' என்பார்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 12 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் கன அளவு சுமார் 41 கன மீட்டர். தரை, சுவர், மேல்தளம் சேர்த்து 71 சதுர மீட்டர். கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். சபைன் சூத்திரப்படி கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் (71இல் நூற்றுக்கு மூன்று பங்கு) வகுத்தால், காலி அறையில் ஒலி அடங்க 3 வினாடி ஆகும். பேச்சுக்கு அரை வினாடி அளவில் அடங்க வேண்டும். உறிஞ்சுதிறன் 0.6 உள்ள பொருளை 15 சதுர மீட்டருக்கு வைத்தால் கணக்கு 0.6 வினாடிக்கு இறங்கிவிடும். ஆட்கள் உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

15 சதுர மீட்டர் என்பது 6க்கு 3 அடி மெத்தை ஒன்பது. கல்யாணம் நடந்த வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தைகள் அடுக்கிக் கிடக்கும். காசு கொடுத்து ஒலித்தடுப்பு நுரை வாங்குவதை விட இவை மேல். மெல்லிய நுரைப் பலகை 'ஸ்' 'ச்' ஒலிகளை மட்டும் உறிஞ்சிவிட்டு அடித்தொண்டைக் குமுறலை விட்டுவிடும். அறை அப்போதும் குமுறும், குரல் மட்டும் மங்கிவிடும். ஜமுக்காளத்துக்கும் இதே குறைதான். அதைச் சுவரோடு ஒட்டாமல் 10 சென்டிமீட்டர் தள்ளிக் கொடியில் தொங்கவிட்டால் ஓரளவு தேறும். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 850 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பலன் நன்றாக இருக்கும். அதற்குக் கீழே மெத்தையின் கனம்தான் வேலை செய்யும்.

முதல் மெத்தை பேசுபவரின் வாய்க்கு நேர் எதிர்ச் சுவருக்கு. அடுத்தது இரு பக்கச் சுவர்கள், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில். மிச்சம் தரைக்கு. பேசுபவருக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் கேமரா பார்க்கிறது. அதை வெறுமையாக விட்டுவிடலாம், அங்கே பெட்டகமோ பழைய படங்களோ இருந்தால் பார்வைக்கும் நல்லது. அறையில் இரும்பு பீரோ இருந்தால் கதவிடுக்கில் அட்டையை மடித்துச் செருகுங்கள். சில குரல்களுக்கு அது தானாக அதிரும். எல்லாம் வைத்த பிறகு ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று நீளாமல் 'டப்' என்று நின்றால் போதும்.

வளவைப் படமெடுக்கவே கூடாது என்பதில்லை. தூண், மேல்தளக் கண்ணாடி ஜன்னல், அடுப்படி, முகப்பு என்று 10 வினாடித் துண்டுகளாக 20 காட்சி தனியாக எடுத்துவையுங்கள். பேச்சில் வெட்டு விழும் இடங்களை மூட இவை வேண்டும். முன்கூட்டியே ஒரு விஷயம் செய்தாக வேண்டும்: வளவு பல பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சரி என்றால் போதாது. வெளியூரில் இருப்பவர்களிடமும் கேட்டுவிட வேண்டும். பூட்டு, சாவிக்கொத்து, பெட்டகம் திறந்திருக்கும் கோலம் எதுவும் படத்தில் வரவேண்டாம்.

அறைக்குள் மின்விசிறி நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் இது எளிதல்ல. எனவே 12 முதல் 15 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து, நடுவில் ஐந்து நிமிடம் விசிறி போட்டு, மோர் கொடுத்து, மறுபடி தொடங்குவதே சரி. துண்டு சிறிதாக இருப்பதற்கு வேறொரு பலனும் உண்டு, கீழே வருகிறது. காகம், புறா, பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஒலிபெருக்கி. கோவில் திருவிழாவோ கல்யாண வீடோ, தூரத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் அது பேச்சுக்கு அடியில் மெல்லியதாக விழுந்தாலும் பாட்டுகளை அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடக்கூடும். உரிமைக்கோரிக்கை வந்து சேரும். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டு கேட்டால் பதிவை நிறுத்துங்கள். பேச்சைத் தொடங்கும் முன் யாரும் அசையாமல் 30 வினாடி அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள். சத்தம் குறைக்கவும் வெட்டுகளை நிரப்பவும் அது தேவைப்படும்.

இனி மைக். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே கணினியில் செருகினால் வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு யூஎஸ்பி மைக்குக்கும் தனிக் கடிகாரம். இரண்டும் 48,000 மாதிரி எடுப்பதாகச் சொன்னாலும் ஒன்று சற்று முந்தும், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் பதிவு செய்யும். இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் கேபிள்) நுழைவாய் உள்ள, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும், ஷ்யூர் எஸ்எம்58 வகை டைனமிக் மைக் இரண்டும் இருந்தால் கடிகாரம் ஒன்று, தொல்லை இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் 15 சென்டிமீட்டர். ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் அதைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 45 சென்டிமீட்டர். நெருங்கினால் ஒருவர் குரல் இரண்டு மைக்கிலும் விழுந்து ஒலி பொள்ளலாகிவிடும்.

வயதானவர்கள் முகத்துக்கு முன்னால் மைக் நின்றால் பேச்சு சுருங்கிப்போகும். அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டையில் குத்தும் லேவலியர் மைக்கே நல்லது. முகவாய்க்கு ஒரு சாண் கீழே, தோள் பக்கச் சேலை மடிப்பில் குத்துங்கள். நடுவில் குத்தினால் கழுத்துச் சங்கிலி அதில் உரசும். பட்டைவிடக் கண்டாங்கிப் பருத்தி சரசரப்பு குறைவு. வளையல் சத்தத்துக்கு ஒரே வழி, கைக்கு ஒரு தலையணை. லேவலியர் எல்லாத் திசையிலும் கேட்கும் மைக் என்பதால் அறையின் எதிரொலியையும் சேர்த்தே வாங்கும். மெத்தைகள் அங்கே கட்டாயமாகின்றன. போனில் செருகுவதானால் மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளைய முனையைப் பெரும்பாலான போன்கள் மைக்காக ஏற்காமல், தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். போன் ஏரோபிளேன் மோடில் இருக்க வேண்டும்.

ஒலி அளவு பார்க்க "ஆச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் "இட்லி" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்து எவ்வளவு போடுவீங்க?" என்று கேளுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைப்பதில் தொடங்கி இரண்டு நிமிடமாவது இயல்பான குரல் கிடைக்கும். அந்தப் பேச்சில் முகடுகள் −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்கும்படி கெயினை (மைக் ஒலியைக் கூட்டும் அளவை) வையுங்கள். சிரிப்பு இதற்கு மேல் ஏறும். அதற்குத்தான் அந்த இடைவெளி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு கருவி 44.1இலும் மற்றது 48இலும் இருந்து, மென்பொருள் அதை மாற்றாமல் ஏற்றுவிட்டால் குரல் கிட்டத்தட்ட 9 சதவீதம் வேகமாகிக் கீச்சிடும்.

ஹெட்போனில் 'ம்ம்ம்' என்ற கீழ்க்குரல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு. பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தும் எர்த் கம்பி இணைக்காமல் இருப்பது உண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரி பார்ப்பதே தீர்வு. எர்த் முனையை வெட்டி எறிவது தீர்வல்ல, ஆபத்து. அதுவரை பேட்டரியில் ஓட்டலாம்.

படத்துக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். கேமரா ஷட்டர் 1/60இல் இருந்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் மெல்ல நகரும். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் இது வராது. பல வெப்கேமராக்கள் 30 ஃப்ரேம் மட்டுமே தரும். அப்படியானால் எல்லாக் கருவியையும் 30இல் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள், வெப்கேமரா அமைப்பில் பவர் லைன் ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் 50ஐத் தேர்ந்தெடுங்கள். ஒன்று 25, மற்றது 30 என்று கலக்க வேண்டாம். வெப்கேமராவின் வீடியோ வடிவம் எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவமாக இருக்கட்டும். சுருக்காத 1080 படம் 30 ஃப்ரேமில் வினாடிக்கு 124 மெகாபைட் வரும்; யூஎஸ்பி 2இன் உச்ச வேகமே 60 மெகாபைட்தான்.

வெளிச்சத்துக்கு முற்றம் இருக்கிறது. வளவுப் பக்கக் கதவைத் திறந்து, பேசுபவர் முகம் கதவைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். முதுகு கதவுப் பக்கம் போனால் முகம் நிழலுருவாகிவிடும். நேர் வெயில் முற்றத்தில் விழும் நேரத்தில் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் நகரும்; வெயில் சுவரின் மேல்பகுதியில் மட்டும் படும் காலை வேளை நிதானமானது. வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் பாதி முகம் பச்சையாகும், அதை மூடுங்கள். மஞ்சள் எல்இடி பல்பை அணைத்துவிட்டு வெள்ளைச் சமநிலையை 5600 கெல்வினில் பூட்டுங்கள். வெளிச்சம், குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் தானியங்கியில் விட்டால், கை அசைக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கி விரியும்.

கணினியில் பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருள். 8 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இன்டெல் குவிக் சிங்க் (வீடியோவைச் சுருக்கும் வசதி) வேலை செய்யும் செயலி இருந்தால் ஒரு கேமராவுக்குத் தாராளம். மைக் ஒன்றை ஒன்றாம் தடத்திலும் மற்றதை இரண்டாம் தடத்திலும் தனித்தனியே போடுங்கள். ஓபிஎஸ் ஆறு தடம் வரை கொடுக்கிறது. ஒரே தடத்தில் கலந்துவிட்டால் ஒருவர் இருமலை மற்றவர் பேச்சிலிருந்து பிரிக்க முடியாது. பதிவு வடிவம் எம்கேவி. சாதாரண எம்பி4இன் அட்டவணை கோப்பின் முடிவில்தான் எழுதப்படுகிறது, நடுவில் கரண்ட் போனால் மொத்தமும் திறக்காது. எம்கேவி அதுவரை எழுதியதைக் காப்பாற்றும்; பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். டெஸ்க்டாப்பாக இருந்தால் யூபிஎஸ் கட்டாயம். வினாடிக்கு 12 மெகாபிட் என்றால் மணிக்கு 5.4 ஜிபி பிடிக்கும். நகலெடுக்கும் பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு கைதட்டு. தொடக்கத் தட்டை வைத்துப் படத்தையும் ஒலியையும் சேர்த்தால், முடிவுத் தட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தனிக் கருவிகளின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி, 25 ஃப்ரேமில் நாலரை ஃப்ரேம். உதட்டுக்கும் ஒலிக்கும் பொருந்தாமல் கண்ணை உறுத்தும். 15 நிமிடத் துண்டில் அதுவே ஒரு ஃப்ரேமுக்குச் சற்று அதிகம்தான், யாருக்கும் தெரியாது. மேலே சொன்ன இரண்டாவது பலன் இதுதான்.

போனில் எடுத்த படத்துக்கு இன்னொரு நோய் உண்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாக ஃப்ரேம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டரில் போட்டால் தொடக்கம் சரியாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் விலகும், பன்னிரண்டில் வேறு மாதிரி விலகும். இதை இழுத்துச் சரிசெய்ய முயன்றால் ஒரு நாள் போய்விடும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (மாறாத ஃப்ரேம் வேகம்) என்று வைத்து முதலில் மாற்றிவிட்டு, பிறகே எடிட்டருக்குள் கொண்டுபோங்கள்.

எடிட்டிங்குக்குக் கேடென்லைவ் இலவசம், பழைய கணினியிலும் ப்ராக்ஸி வசதியை (எடிட் செய்ய மட்டும் சிறிய நகல்) போட்டால் நகரும். முதலில் ப்ராஜெக்டின் ஃப்ரேம் வேகத்தைப் பதிவின் வேகத்துக்கே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒலியை ஆடாசிட்டியில் இந்த வரிசையில்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, அமைதிப் பதிவை மாதிரியாகக் கொடுத்து 6 முதல் 9 டெசிபல் மட்டும் சத்தக் குறைப்பு, பிறகு உரத்ததையும் மெல்லியதையும் நெருக்கும் கம்ப்ரசர் 3க்கு 1, கடைசியில் லவுட்னஸ் (மொத்த ஒலி அளவு). கம்ப்ரசரை முதலில் போட்டால் அது சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். சத்தக் குறைப்பை 20 டெசிபலுக்கு இழுத்தால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், பரவாயில்லை. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி ஒலி அளவின் அலகு), உச்சம் −1 டெசிபல். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் −14 அளவை வைத்துக்கொள்கின்றன. யூடியூப் அதிகச் சத்தத்தைக் குறைக்கும், குறைந்ததை ஏற்றாது. படத்துக்கு −14, ஒலி மட்டும் உள்ள வடிவத்துக்கு −16 என்று இரண்டு பிரதி எடுப்பது பெரிய வேலையல்ல.

தமிழ்த் தலைப்பெழுத்து தனித் தலைவலி. சில எடிட்டர்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 'செ' என்பது 'ச'வுக்குப் பிறகு கொம்பாக வரும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வைத்துவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். வசனக் கோப்பை எஸ்ஆர்டி வடிவில், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் வரிசையாகக் கேள்விக்குறி. நேரக்குறியில் வினாடிக்கும் மில்லி வினாடிக்கும் நடுவில் வருவது காற்புள்ளி, புள்ளியல்ல. விஸ்பர் போன்ற பேச்சறி நிரல் தமிழை எழுதித் தரும். ஆனால் கும்மாயம், மனகோலம், வேவு, முறைச்சிட்டை என்று செட்டிநாட்டுச் சொற்கள் வரும் இடங்களில் தன் இஷ்டத்துக்கு எழுதும். வரி வரியாகத் திருத்தாமல் வெளியிட வேண்டாம்.

ஏற்றுமதி: எச்.264, 1080, வினாடிக்கு 8 மெகாபிட், ஏஏசி ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், ஃபாஸ்ட் ஸ்டார்ட் என்ற பெட்டியில் டிக். 40 நிமிடத்துக்கு 2.4 ஜிபி. ஏற்றும் வேகம் 10 மெகாபிட் இருந்தால் 32 நிமிடம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் 2 மெகாபிட்தான் என்றால் 2 மணி 40 நிமிடம், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். கணினி தூங்கிப்போகும் அமைப்பை நிறுத்த மறக்க வேண்டாம். ஒலி மட்டும் உள்ள எம்பி3 மோனோ 96 கிலோபிட்டில் 29 எம்பிக்குள் அடங்கும்.

யூடியூபில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏற்ற, சேனலைத் தொலைபேசி எண் கொடுத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். பகுதிகளை ஒரு பிளேலிஸ்ட்டில் போட்டு, யூடியூப் ஸ்டுடியோவில் அதைப் பாட்காஸ்ட் என்று குறித்து, சதுர அட்டைப்படம் கொடுங்கள். அத்தியாயக் குறிகள் 0:00இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 வினாடிக்குக் குறையக்கூடாது. ஒன்று தவறினாலும் எதுவும் தோன்றாது.

சொந்த ஆர்எஸ்எஸ் ஃபீட் (பாட்காஸ்ட் செயலிகள் படிக்கும் பகுதிப் பட்டியல் கோப்பு) வைப்பவர்களுக்கு அட்டைப்படம் 1400 முதல் 3000 பிக்சல் சதுரம். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். தமிழ்ப் பெயர் முகவரியில் சதவீதக் குறிகளாக நீண்டுவிடும். ஒலிக் கோப்பின் முகவரியைச் சொல்லும் என்குளோஷர் வரியில் நீளம் என்பது நிமிடமல்ல, பைட் எண்ணிக்கை. தலைப்பில் 'மற்றும்' என்பதற்கு & என்ற ஆங்கிலக் குறியை அப்படியே போட்டால் மொத்த ஃபீடும் உடையும். ஒரு பகுதிக்குக் கொடுத்த அடையாள எண்ணைப் பின்னால் மாற்றினால், கேட்பவர்களின் செயலியில் அது புதிய பகுதியாக மறுபடி வந்து நிற்கும். கோப்பு இருக்கும் சர்வர் பகுதி பகுதியாகக் கொடுக்கும் வசதி உள்ளதாக இருக்க வேண்டும், ஆப்பிள் அதைக் கேட்கும்.

பொதுவில் விடும் முன் அன்லிஸ்டடாக (இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, இணைப்பைப் பேசிய ஆச்சி வீட்டுக்கு ஒருமுறை அனுப்புங்கள். பெயர்ப்பலகையில் நகரத்தாரின் கோவில் பிரிவை வயிரவன் கோவில் என்று போட வேண்டிய இடத்தில் வேலங்குடி என்று போட்டிருந்தால் அங்கேதான் கண்டுபிடிப்பார்கள். யூடியூபில் ஏற்றிய வீடியோவின் நடுவில் வெட்டலாம், ஆனால் அதே முகவரியில் வேறு கோப்பை வைக்க முடியாது. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். ஃபீடில் உள்ள எம்பி3ஐ மாற்றலாம், பைட் எண்ணிக்கையையும் கூடவே திருத்திவிட்டு.